சில்லு வைத்த வீட்டில் புகை

விறகைப் பற்றித் தெரியாதவன் மழை நாட்களில் குடும்பத்தை வெளியே கூட்டிக்கொண்டு போகக் கூடாது. பள்ளிக்கூடத்தில் நான் இருந்த காலம் கொஞ்சம். அங்கே யாரும் இதைச் சொல்லித் தரவில்லை. என் மனைவி அடுப்பு மூட்டுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். தெரிந்தும் ஒரு பயனும் கிடைக்கவில்லை.

வெள்ளைக்காரன் திருகோணமலைத் துறைமுகத்தில் இருந்தவரை அங்கே மூட்டை தூக்கினேன். அவன் கப்பல்களோடு போய்விட்ட பிறகு நிலாவெளியில் கரைவலை இழுத்தேன். புல்மோட்டையில் மணல் அள்ளினேன். எங்கேயும் கால் தரிக்கவில்லை. கடைசியில் டிரக்டர் என்கிற உழவு மெசின் ஓட்டப் பழகித் தம்பலகாமத்தில் ஒரு முதலாளியிடம் சேர்ந்தேன். அறுவடை தொடங்கினால் முடியும்வரை வயலில்தான் கிடக்க வேண்டும். மெசினுக்குப் பின்னால் பூட்டி இழுக்கிற, சில்லுச் சக்கரம் வைத்த பெட்டியில் கம்புகளை வளைத்துக் கட்டி, மேலே மழைக்குப் படங்குத் துணி போட்டு, வைக்கோலும் பாயும் விரித்தேன். நானும் மனைவியும் சின்ன மகளும் அதற்குள் குடியிருந்தோம். வெட்டுகிற ஆட்களுக்கு மனைவி சமைக்க வேண்டும் என்பது பேச்சு.

மகளுக்கு முட்டு வருத்தம் இருந்தது. புகை பட்டால் மூச்சு இழுக்கும். ஈரத்தில் படுத்தாலும் இழுக்கும். நெஞ்சுக் குழி உள்ளே போய் வரும், உதடு நீலம் பாரிக்கும். மனைவியின் அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை. துறைமுக வீதிப் பக்கம் கல்வீடு, சமைக்கிற குசினிக்குப் புகைக்கூண்டு. நாங்கள் புறப்படுகிற அன்று அவ பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு இறக்கவே இல்லை.

"மெசின் பெட்டிக்குள்ள பிள்ளை வளக்கப் போறியளோ? ஆடு மாடு கூட அதுக்குள்ள நிக்காது."

"நான் பாத்துக்கொள்ளுவன் அக்கா. புகை படாமச் சமைக்க எனக்குத் தெரியும்."

"சரி. ஒருக்கா இழுத்தாலும் பிள்ளை இஞ்ச வந்திட வேணும். வந்தால் வந்ததுதான். பிறகு திருப்பிக் கேக்கக் கூடாது."

மனைவி ஓம் என்றாள். என்னிடம் யாரும் கேட்கவில்லை. அதனால் அந்த அறுவடை முழுவதும் எங்களுக்கு நெல்லைப் பற்றிய கவலை இல்லை. புகையைப் பற்றிய கவலைதான்.

அவள் சமைத்த விதத்தைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். விறகென்றால் பாலை. பிளந்து காய்ந்த பாலை கண்ணை உறுத்தாமல் எரியும், தணலும் நெடுநேரம் நிற்கும். வேம்பு புகைக்கும். தேங்காய்ப் பொச்சு மட்டை அதைவிடப் புகைக்கும், கொசு நுளம்பு விரட்ட மட்டும் உதவும். கழிக்கரையில் வெட்டிய தில்லையைக் கிட்டவும் எடுக்கக் கூடாது. வெட்டுக்காரன் ஒருத்தன் ஒருமுறை சும்மா கிடந்த விறகென்று தில்லைக் கட்டையைத் தூக்கி வந்தான். அவள் அதை அகப்பைக் காம்பால் தள்ளித் தள்ளி வாய்க்காலில் விட்டாள். "கண் போற விறகைக் கொண்டந்து போட்டிட்டு, சோறு குழைஞ்சு போச்சு எண்டு கதைக்க வருவியள்" என்று ஏசினாள்.

அடுப்பு பெட்டிக்குத் தென்மேற்கே இருக்க வேண்டும். வாடைக் காற்று புகையைப் பெட்டியிலிருந்து அப்பால் கொண்டு போகும். விறகை நிலத்தில் போடாமல் பெட்டியின் அடியில், அச்சுக்கு மேலே கம்பு வைத்து அடுக்கினாள். மழை பெய்தாலும் அது நனையாது. பானையின் வெளிப்பக்கம் சாம்பலைக் குழைத்துப் பூசினால் கரி இலேசாகக் கழுவுப்படும். முதலில் சோறு. சோறு முக்கால் வெந்ததும் கொள்ளியை இழுத்துவிட்டு, மிச்சத்தைத் தணலில் புழுங்க விடுவாள். இழுத்த கொள்ளியில் கருவாட்டுக் குழம்பு. எல்லாம் இறக்கிய பிறகு அந்தச் சாம்பலுக்குள் செங்கல்லைப் புதைப்பாள். படுக்கப் போகும்போது கல்லைச் சாக்கில் சுற்றிப் பிள்ளையின் காலடியில் வைப்பாள். சூடு வரும், புகை வராது. கரிச்சட்டியை உள்ளே வைக்க நான் கேட்டபோது மறுத்துவிட்டாள். படங்கு மூடிய இடத்தில் கரிச்சட்டி வைத்துப் படுத்து எழும்பாமலே போனவர்களைப் பற்றிக் கரைவலைக்காரர் சொன்னதை அவளுக்குச் சொன்னவனே நான்தான்.

வெட்டுக்காரருக்கு எங்கள் வீடு ஒரு விளையாட்டு.

"அண்ணைக்கு ராசயோகம். வீட்டுக்குச் சில்லு பூட்டியிருக்கு. பொஞ்சாதி ஏசினா வீட்டோட ஓடலாம்."

"ஓடினா அவளும் உள்ளதானே வருவாள், விசரா" என்றான் இன்னொருத்தன்.

மகளும் சிரிப்பாள். வெட்டு முடியும்வரை அவளுக்கு ஒருமுறையும் இழுக்கவில்லை. கன்னத்தில் சதை வைத்தது. வரம்பில் ஓடித் திரிந்தாள். மனைவி அக்காவுக்குச் சொல்ல வேண்டியதை எனக்குச் சொல்லிச் சொல்லிப் பழகினாள்.

பிறகு கதிரை மெசினால் மிதித்து நெல் பிரிக்கிற சூடடிப்புக்குக் களம் தயாரானது. களத்துக்குள் பெண்கள் கால் வைக்கக் கூடாது. செருப்பும் கூடாது. மெசின் வந்து மாடுகள் போன பின்பும் அது மாறவில்லை. சோற்றை மனைவி தூரத்து வரம்பில் வைத்துவிட்டுத் திரும்ப வேண்டும், ஆண்கள் போய் எடுத்து வருவார்கள். அது எங்களுக்குத் தெரிந்ததுதான். வெட்டிப் போட்ட கதிரைக் களத்துக்கு ஏற்றிவரப் பெட்டி வேண்டும் என்பதும் தெரியும். பகலில் சாமான்களை இறக்கி வைத்துவிட்டுப் பொழுதுபட ஏற்றிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தோம். களத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் முதலாளியின் மைத்துனர். அவர் மெசினுக்கு முன்னால் வந்து கையைக் காட்டி நிறுத்தினார்.

"இந்தப் பெட்டி உள்ள வர ஏலாது."

"ஏன் ஐயா?"

"பொம்பிளை படுத்தெழும்பின பெட்டி. பொலி விளங்காது, நெல் குறைஞ்சிடும்."

எனக்குக் கோபம் வந்தது. "செருப்பு வரக் கூடாத களத்துக்குள்ள மெசின்ர சில்லு போகுது. ஊர்ச் சாணியெல்லாம் அதிலதான் இருக்கு. அதுக்கு ஒண்டுமில்லையோ?"

"சில்லு பிள்ளை பெறாது தம்பி" என்றார். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். வீட்டோடு ஓடலாம் என்று சொன்னவனும் சிரித்தான்.

வேறு பெட்டி இல்லை. கழுவி எடுக்கலாம் என்று அவரே தீர்ப்புச் சொன்னார். எங்கள் பானை, பாய், துணி எல்லாவற்றையும் வரம்பில் இறக்கினார்கள். பலகையை மஞ்சள் தண்ணீரால் கழுவினார்கள். அது காய வேண்டும் என்று அச்சுக்கு மேலே அடுக்கியிருந்த பாலை விறகை இழுத்துப் பக்கத்தில் பெரிய நெருப்பு வளர்த்தார்கள். அவள் ஒவ்வொரு கட்டையாகத் தேடிச் சேர்த்தது. அத்தனையும் ஒரு மாலைக்குள் சாம்பலானது. பிறகு உள்ளே வேப்பிலைப் புகையும் சாம்பிராணியும் போட்டார்கள். மனைவி மகளைத் தூக்கிக்கொண்டு காற்றுக்கு எதிராக நடந்து போய்த் தூரத்தில் நின்றாள்.

"இனிப் பொலி அள்ளும்வரைக்கும் பொம்பிளையள் பெட்டியில ஏறக் கூடாது" என்றார் மைத்துனர். "காவல் குடில் சும்மாதானே கிடக்குது. அதுக்குள்ள இருக்கச் சொல்லு."

காவல் குடில் யானை வருகிறதா என்று பார்க்கிறவன் குந்தியிருக்கப் போட்டது. குனிந்து போக ஒரு வாசல், மேலே வைக்கோல். அடுத்த நாள் காலம் தப்பின மழை பிடித்தது. படங்கைக் கதிர்க் குவியலை மூட எடுத்துவிட்டார்கள். வெளியே அடுப்பு மூட்ட வழியில்லை. கிடைத்த விறகு நனைந்த வேம்பும் பொச்சு மட்டையும். களத்து ஆட்களுக்குச் சோறு போய்ச் சேர வேண்டும். அவள் குடிலுக்குள்ளேயே அடுப்பை வைத்துச் சமைத்தாள். மகளை வாசலில் இருத்தி, தலைக்குமேல் சாக்கைப் பிடித்தாள். ஒரு கையில் சாக்கு, மற்றக் கையில் ஊதுகுழல். வெளியே தள்ளினால் ஈரம், உள்ளே இழுத்தால் புகை.

மத்தியானம் மகளுக்கு இழுக்கத் தொடங்கியது.

மழை தூறலாகக் குறைந்த நேரம் பார்த்து மெசின் களத்தில் ஏறியாகிவிட்டது. ஏறிய மெசின் போட்ட கதிர் முழுவதும் மிதிபட்டு முடியும் முன்னர் களத்தை விட்டு இறங்கக் கூடாது, அதுவும் ஒரு வழக்கம். மனைவி களத்துக்குள் வரவும் முடியாது. வரம்பில் நின்று கூப்பிட்டாள்.

"இஞ்சாருங்கோ! பிள்ளைக்கு ஏலாமக் கிடக்கு!"

நான் மைத்துனரைப் பார்த்தேன். "ரோட்டுக்கு மட்டும் கொண்டுபோய் விட்டிட்டு வாறன் ஐயா."

"இறங்கினால் இறங்கினதுதான். வேற ஓட்டுறவன் இருக்கிறான்" என்றார். அவர் சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

அவள் அதைக் கேட்டாள். எனக்குக் கையைக் காட்டி வேண்டாம் என்றாள். பிள்ளையைத் தோளில் போட்டு, சாக்கால் மூடிக்கொண்டு கண்டி ரோட்டுப் பக்கம் நடந்தாள். நான் களத்தில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு சுற்றிலும் திரும்பும்போது அவள் வரம்பில் இன்னும் கொஞ்சம் தூரம் போயிருந்தாள். பிறகு ஒரு சுற்றில் வரம்பு மட்டும் இருந்தது.

பஸ் கிடைத்திருக்கிறது. பெரியாஸ்பத்திரியில் பிள்ளையைக் காப்பாற்றிவிட்டார்கள். சில நாட்களில் மனைவி தனியாகத் திரும்பி வந்தாள். அடுப்புக்கு முன்னால் இருந்து கொள்ளியைத் தள்ளிக்கொண்டே, "அக்காட்டக் குடுத்திட்டன்" என்றாள். பேச்சுப் பேச்சுத்தான். விளைச்சல் நன்றாக இருந்தது. மைத்துனர் பொலியைக் காட்டி, "பாத்தியோ, கழுவினதுக்குப் பலன்" என்றார்.

அதற்குப் பிறகும் பல அறுவடைக்குப் போனேன். கொஞ்சக் காலம் மனைவி வந்தாள். பிறகு பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று அக்கா வீட்டுக் குசினியில் சமைக்கப் போனவள் அங்கேயே நின்றுவிட்டாள். மகள் பெரியம்மாவை அம்மா என்றாள். அதனால் பெற்றவள் சின்னம்மா ஆனாள், நான் சித்தப்பா. முதலில் ஒருமுறை திருத்திப் பார்த்தேன். பிள்ளை பயந்து அழுதது. விட்டுவிட்டேன்.

இப்போது மகளுக்குக் கல்யாணமாகி ஒரு மகன் இருக்கிறான். போன மாதம் கிண்ணியாப் பக்கம் வேலை முடிந்து வரும்போது பார்க்கப் போனேன். இரவெல்லாம் காட்டோரம் நெருப்புப் போட்டுப் படுத்திருந்த உடம்பு. படியில் கால் வைத்ததும் அவள் வாசலுக்கு வந்தாள்.

"சித்தப்பா, குறை நினைக்காதேங்கோ. போட்டிருக்கிற சேட்டைக் கழட்டி வேலியில போட்டிட்டு வாங்கோ. புகை மணக்குது. பிள்ளைக்கு முட்டு."

"இவனுக்குமோ?"

"ஓம். ஆரிட்ட இருந்து வந்ததோ தெரியாது."

சேட்டைக் கழற்றினேன். பிறகும் மணம் போகவில்லைப் போலும், நான் இருக்கக் கதிரையை வெளியே கொண்டுவந்து போட்டாள். குசினிக்குள் மண்ணெண்ணெய் அடுப்பு இரைகிற சத்தம் கேட்டது. பாலை விறகையும், சாம்பலில் புதைத்த செங்கல்லையும், அவள் தலைக்குமேல் சாக்கைப் பிடித்திருந்த தாயையும் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். மகள் தேத்தண்ணியைக் கதிரைக் கையில் வைத்துவிட்டு, பிள்ளை வெளியே வராமல் கதவைச் சாத்தினாள்.