அம்மாவின் காலும் பின்பக்க ஸ்பிரிங்கும்

1. மாங்காய் சீசன் தொடங்கியதும் நைனா, அதாவது அப்பா, எங்கள் காரின் பின்பக்க ஸ்பிரிங்குகள் இரண்டையும் மாற்றினார்.
2. பத்து நாள் கழித்து அம்மா மாடிப்படியில் வழுக்கி, வலது முழங்காலுக்குக் கீழே எலும்பை முறித்துக்கொண்டார்.
3. புத்தூருக்குக் கூட்டிப்போய்க் கட்டுப் போட்டோம்.
4. சித்தூருக்குத் திரும்பும் வழியெல்லாம், வண்டி தூக்கித் தூக்கிப் போடுகிறது, அந்தப் புது ஸ்பிரிங்தான் காரணம் என்று அம்மா சொல்லிக்கொண்டே வந்தார்.
5. அது காரணமில்லை என்று நான் கணக்குப் போட்டு நிரூபித்தேன்.
6. மறுகட்டுக்கு இந்த வண்டியில் ஏறமாட்டேன் என்று அம்மா அறிவித்தார்.

இதில் ஐந்தாவதற்கு நான் பொறுப்பு.

திருப்பதிக்கு வெளியே ஒரு தொழிற்சாலையில், வருகிற பாகங்களை அளந்து சரிபார்க்கும் பிரிவில் இருக்கிறேன். வாரத்தில் ஆறு நாள் அடுத்தவர் அளவில் தவறு கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறேன். ஏழாவது நாள் சித்தூரில் வீட்டில் இருப்பேன்.

ஸ்பிரிங் மாற்றியதற்கு நைனாவிடம் நியாயமான காரணம் இருந்தது. பங்காருபாளையத்தில் மாங்காய் வாங்கி, திருப்பதியிலிருந்து வேலூர் வரை உள்ள அத்தனை சொந்தக்காரர்களுக்கும் பெட்டி பெட்டியாகக் கொண்டுபோய்க் கொடுப்பார். யாரும் கேட்பதில்லை. எட்டுப் பெட்டி ஏற்றினால் டிக்கி தரையைத் தொடுவதுபோல் தாழ்ந்து, கார் மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு போகும். கொஞ்சம் விறைப்பான ஸ்பிரிங் போட்டுக் கொடு என்று மெக்கானிக்கிடம் கேட்டு வாங்கினார். பழையதைத் தூக்கிப்போட மனம் வராமல் வீட்டுக்கு எடுத்து வந்து, கழுவித் துடைத்து மாடிப்படிக்குக் கீழே வைத்தார்.

கட்டுப் போட்டு வந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை நான் பழையதை மடியில் வைத்தும், புதியதைக் கார் சக்கரத்துக்குப் பின்னால் படுத்தும் அளந்தேன். ஒரு ஸ்பிரிங் எவ்வளவு விறைப்பு என்று தெரிய மூன்று அளவுகள் போதும்: கம்பியின் தடிமன், சுருளின் அகலம், எத்தனை சுற்று. இரண்டிலும் வேலை செய்யும் சுற்று ஆறு. சுருளின் அகலம், நூலைச் சுற்றிப் பார்த்துக் கணக்கிட்டால், ஒன்றேதான். கம்பியின் தடிமன் வெர்னியர் அளவுகோலில் இரண்டுக்கும் 11.6 மில்லிமீட்டர். அப்படியானால் விறைப்பும் ஒன்றுதான். மெக்கானிக் நைனாவை ஏமாற்றியிருக்கிறார், அம்மா தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்கிறார் என்று முடிவு கட்டி, விடையைக் கட்டம் போட்டு நோட்டில் எழுதினேன்.

நைனா அந்த நோட்டைப் பிடித்துக்கொண்டார். ஏமாந்த வருத்தத்தைவிட அவருக்கு ஜெயித்த சந்தோஷம் பெரிதாக இருந்தது.

"பாத்தியா? பாப்பா கணக்கே போட்டுச்சி. ரெண்டும் ஒண்ணுதான். உனுக்கு எல்லாம் மனசுதான்மே."

"மனசுக்கா புத்தூர் போய் கட்டு போட்டுக்கினு வந்தோம்?" என்றார் அம்மா.

செவ்வாய்க்கிழமை மறுகட்டு. தவறினால் எலும்பு கோணலாகக் கூடிவிடும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். பழைய ஸ்பிரிங்கையே போட்டால் வருகிறேன் என்றார் அம்மா. ஒன்றுக்கொன்று வித்தியாசமில்லாததை எதற்கு மாற்றுவது என்றார் நைனா. வாடகைக் கார் வைத்துக்கொள்ளலாமே என்றேன்.

"வாசல்ல வண்டிய நிறுத்திக்கினு வாடகை காரா? தெருவுல ஏமனுகுன்டாரு?"

தெரு என்ன நினைக்கும் என்பதில் நைனாவுக்கு இருந்த கவலையில் பாதிகூட அம்மாவின் எலும்பைப் பற்றி எனக்கு இல்லையோ என்று அப்போது தோன்றியது. இருவரையும் தடுத்துக்கொண்டு நடுவில் நின்றது என் நோட்டு.

அம்மா கட்டிலிலிருந்து கூப்பிட்டார். "கொண்டாடி அந்த ஸ்பிரிங்க. எத வெச்சி என் வாய அடைச்சியோ அத நானும் பாக்கறேன்."

கொண்டுபோய் மடியில் வைத்தேன். புதுப் பாத்திரத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைச் சுரண்டாமல் அம்மாவால் இருக்க முடியாது. என்னைத் திட்டிக்கொண்டே கட்டைவிரல் நகத்தால் ஸ்பிரிங்கைச் சுரண்ட ஆரம்பித்தார். கருப்பாகத் துணுக்குகள் விழுந்தன.

"பெட்ஷீட் அழுக்காவுது, விடும்மா."

"தோல் உரியுதுடி இதுக்கு."

ஒரு துணுக்கை எடுத்துப் பார்த்தேன். தபால் கார்டு தடிமன் இருந்தது. போன மழைக்காலத்துக்கு முன், துருப்பிடிக்காமல் இருக்க நைனா காரின் அடிப்பாகம் முழுவதற்கும் கருப்புப் பூச்சு அடிக்க வைத்திருந்தார். கேட், தண்ணீர் டிரம், கருவேப்பிலைத் தொட்டி என்று எதையும் பூசாமல் விடாத மனிதர், ஸ்பிரிங்கை மட்டும் விட்டிருப்பாரா? நான் அளந்தது கம்பியையும் அதன் சட்டையையும் சேர்த்து.

கத்தியால் சுரண்டி மறுபடி வெர்னியர் வைத்தேன். 11.0.

0.6 மில்லிமீட்டர் சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் இந்தக் கணக்கில் கம்பியின் தடிமனை நான்கு முறை எழுதிப் பெருக்க வேண்டும். செய்த தவறும் நான்கு முறை பெருகும். பழைய ஸ்பிரிங் ஒரு மில்லிமீட்டர் அமுங்க இரண்டரைக் கிலோ போதும். புதியதற்கு மூன்று கிலோவுக்குச் சற்று மேலேயே வேண்டும். கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு அதிக விறைப்பு. மெக்கானிக் ஏமாற்றவில்லை. அம்மாவின் கால் என் வெர்னியரைவிடச் சரியாக அளந்திருந்தது.

இருவர் முன்னாலும் நின்று சொன்னேன்.

"அப்போ யாரு சொன்னது கரெக்ட்டு?" என்றார் அம்மா.

"நீதாம்மா."

"உங்க நைனாவ பாத்து சொல்லு."

நைனாவைப் பார்த்துச் சொன்னேன். அவர் நோட்டை வாங்கி இரண்டு விடைகளையும் படித்தார். "நாலுல ஒரு பங்குதானே? அதுக்கா இந்தக் கத்து கத்தினா?"

"கால் என்னுதுய்யா!"

"சரே, சரே. மாங்காய்க்கு இன்னா பண்றது?"

"பாதி பாதியா எடுத்துக்கினு போ நைனா. மாங்காய்க்கு எலும்பு இல்ல."

திங்கட்கிழமை பழைய ஸ்பிரிங்குகள் வண்டியில் ஏறின. அடித்த பூச்சு வீணாகிவிட்டதே என்று நைனா மெக்கானிக்கிடம் புலம்பியதாகக் கேள்வி. செவ்வாய்க்கிழமை எனக்கு விடுமுறை கிடைக்கவில்லை. சாயங்காலம் அம்மா போன் செய்தார். வேகத்தடைகளில் முன்பு அளவுக்கு வலி இல்லையாம். இருந்த வலிக்கு நைனா வண்டி ஓட்டும் அழகே காரணமாம். அதற்கு என்னிடம் சூத்திரம் இல்லை என்றேன்.

மறுகட்டு முடிந்துவிட்டது. எலும்பு நேராகக் கூடுகிறது என்று சொல்லி, இன்னும் ஒரு கட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அம்மா எங்கள் காரில்தான் போவார்.