பச்சைக்கல் வீட்டுக்குள் ஒரு பசு

போன புதன்கிழமை ஒரு மாட்டைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருந்தேன். பட்டுச் சேலையோடு!

சிரிக்காதீர்கள். ஒரு குடும்பத்தின் குடித்தனமே அந்த மாட்டின் நான்கு காலில்தான் நின்றது.

எங்கள் சிவாண்ணையும் அவர் மனைவி வசந்தியக்காவும் இங்கே ஜெர்மனியில், ஊன்ட்றொப் அம்மன் கோயிலிலிருந்து அரை மணி தூரத்தில் ஒரு பழைய பண்ணை வீடு வாங்கியிருக்கிறார்கள். லேசாகப் பச்சை அடிக்கும் அந்தப் பக்கத்து மணற்கல்லில் கட்டிய வீடு. சுவரின் தடிப்புக்கு ஜன்னல் குந்தில் ஓர் ஆள் காலை நீட்டிப் படுக்கலாம். முன்னால் வளைந்த பெரிய வாசல். வைக்கோல் வண்டியே உள்ளே போகும். பார்த்த உடனே அண்ணை மயங்கிவிட்டார்.

சட்டம் பாதுகாக்கிற வீடு என்றால் என்ன என்பது பிறகுதான் உறைத்தது. ஆணி அடிக்க அனுமதி. பெயின்ட் அடிக்க அனுமதி. சமையலறைப் புகை போக ஒரு ஃபேன் பூட்டுவதற்கு அன்ட்ராக், அதுதான் விண்ணப்பம், போட்டார்... அது போன இடம் தெரியவில்லை. இதையெல்லாம் பார்க்க ஒரு பெண் அதிகாரி வருவார். புராதனச் சின்னத்துக்கு இங்கே டெங்க்மால் என்று பெயர். ஆகவே வசந்தியக்கா அவருக்கு வைத்த பெயர் ‘டெங்க்மால் அம்மா’.

“நிலம் ஒரு பக்கம் சரிஞ்சு கிடக்கு, மட்டப்படுத்தி டைல்ஸ் போடட்டோ எண்டு கேட்டன். கொலைகாரனைப் பாக்கிற மாதிரிப் பாத்தா” என்றார் அண்ணை.

இப்படிப்பட்ட வீட்டில்தான் அக்கா ஒற்றைக்காலில் நின்றார். குடிபுகுதலுக்கு மாடு வர வேண்டும்!

ஜெர்மனியில் நாங்கள் குடிபுகுவது எப்படி? மூன்றாம் மாடி ஃபிளாட்டுக்கு மாட்டை லிஃப்டிலா ஏற்றுவது? ஒரு வெள்ளிப் பசுவைத் தட்டில் வைத்துத் தூக்கிக்கொண்டு போவோம். ஐயரும் கண்டுகொள்ள மாட்டார்.

“எத்தினை வாடகை வீட்டுக்குப் பொம்மை மாட்டோட போனனான், பிள்ளை” என்றார் அக்கா. “இது என்ர சொந்த வீடு. உயிருள்ள மாடு முதல் கால் வைக்கோணும். இல்லாட்டி நான் ஃபிளாட்டிலையே இருக்கிறன். இவர் இஞ்சை தனிய இருக்கட்டும்.”

அகதி முகாமில் தொடங்கிய குடித்தனம் அது.

“அந்த டெங்க்மால் அம்மா அறிஞ்சாவெண்டால் துலைஞ்சம்” என்று அண்ணை நடுங்கினார். கேட்டால்தானே ‘இல்லை’ என்பார்கள்? கேட்காமலே செய்துவிடுவோம் — இந்த அருமையான யோசனை அடியேனுடையது. மரியாதைக்கு அம்மாவை மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவது. அதற்குள் மாடு வந்து, போயும்விடும்.

பக்கத்துப் பண்ணைக்காரர் ஒரு பசுவும் கன்றும் தரச் சம்மதித்தார். நல்ல நேரம் முடிய இன்னும் கொஞ்சம்தான் என்கிறபோது கொண்டுவந்து இறக்கினார். கழுத்தில் சாமந்தி மாலை போட்டோம் — தின்றது. முன்னங்கால் இரண்டையும் வாசலுக்குள் வைத்தது. நின்றது. அவ்வளவுதான்! ஐயர் மந்திரம் சொல்கிறார், அண்ணை கயிற்றை இழுக்கிறார், நான் தள்ளுகிறேன்... தேரை நகர்த்தினாலும் நகர்த்தலாம்.

அப்போது பின்னால் ஒரு கார் வந்து நின்றது. காலை வெயிலில் வாசலைப் படம் எடுக்கலாமென்று டெங்க்மால் அம்மா முன்னதாகவே வந்துவிட்டார்!

மாட்டின் முன்பாதி பாதுகாக்கப்பட்ட வீட்டுக்குள். பின்பாதி என் கையில்.

அண்ணைக்குத் தெரிந்த ஜெர்மன் எல்லாம் மறந்து போனது. “விருந்தாளி மட்டும்... இரவு தங்காது” என்று எப்படியோ சொல்லி முடித்தார்.

அம்மா மாட்டைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது!

“இதற்காகத்தானே இந்த வாசலையே கட்டினார்கள்! ஏன் ஒற்றைக் கதவைத் திறந்தீர்கள்? உள்ளே இருட்டென்றால் மாடு வராது.”

மற்றக் கதவையும் விரியத் திறந்தார். கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு என் பக்கத்தில் தோள் கொடுத்தார். மாடு குடுகுடுவென்று உள்ளே போனது. கன்று பின்னால் ஓடியது.

அம்மாவுக்கு வாய் ஓயவில்லை. அந்தக் காலத்தில் இரண்டு பக்கமும் மாடுகள் நின்ற இடமாம். மேலே உத்தரங்களுக்கு மேல் வைக்கோல். அந்தக் கோடியில் அடுப்பைச் சுற்றி மனிதர்கள். குளிர்காலத்தில் மாட்டின் சூடும் வீட்டுக்குத்தான்.

மாடு கேட்டுக்கொண்டே நின்றது. பிறகு, சட்டம் பாதுகாக்கிற அந்தக் கல் தளத்தில் தாராளமாகச் சாணி போட்டது.

வாசலுக்கு வெளியே நின்ற அக்கா ப்ளீச் எடுக்கக் காருக்கு ஓடினார். “அதை ஊற்றினால்தான் குற்றம். தண்ணீர் போதும்” என்று தடுத்தார் அம்மா. ஒரு வாளி ஊற்றினோம். எல்லாம் தன்பாட்டில் சரிந்து, சுவரோர வாய்க்காலில் இறங்கி வெளியே போய்விட்டது. டைல்ஸ் போட நினைத்த அண்ணை அந்தச் சரிவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“வலது கால், வலது கால்” என்றார் ஐயர். வசந்தியக்கா உள்ளே வந்தார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று சொல்லத் தெரியவில்லை. நல்ல நேரம் முடியுமுன் பால் பொங்கியது.

சாப்பாட்டில் அம்மா மூன்றாவது வடையைக் கடித்தபோது, இதுதான் தருணமென்று அண்ணை மெல்லக் கேட்டார், அந்தச் சமையலறை ஃபேன் விஷயம்...

“பரிசீலனையில் இருக்கிறது” என்றார் அம்மா.

அந்த வீட்டுக்குள் நுழைய அனுமதி தேவைப்படாத ஒரே ஜீவன் மாடுதான். மற்றவர்கள் அன்ட்ராக் போட்டுவிட்டுக் காத்திருக்கிறோம் — அகதி முகாம் நாளிலிருந்தே எங்களுக்கு அதொன்றும் புதிதில்லையே!