அசைவு குறைந்த அன்று

பிறந்த குழந்தைகளுக்கான துணி தைக்கும் கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை. தைத்து வரும் ஒவ்வொரு துணியையும் மேசையில் விரித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் என்று தேடி, குறை உள்ள இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். நாள் முழுக்கக் குறை தேடிய கண் வீட்டுக்கு வந்தாலும் ஓயாது. முதல் குழந்தை வயிற்றில் இருந்தபோது அந்தப் பழக்கம் என்னை ஒரு இடத்தில் உட்காரவிடவில்லை.

நாங்கள் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். பனியன் கம்பெனிகள் நிறைந்த நெருப்பெரிச்சலில் வரிசை வீடுகளில் ஒன்றில் வாடகைக்கு இருந்தோம். கணவர் அவிநாசிப் பக்கம் ஒரு யூனிட்டில் நிட்டிங் மெஷின் ஓட்டினார். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவள் நான். அப்பாவுக்குக் காலில் ஆபரேஷன் ஆகியிருந்ததால் அம்மாவே பிரசவ நேரத்துக்கு இங்கே வருவதாக ஏற்பாடு.

எட்டாம் மாதம் முடிவதற்குள் ஆஸ்பத்திரிப் பையை நாலைந்து முறை கட்டிப் பிரித்துவிட்டேன். புதுத்துணியில் பாக்டரி மருந்து வாசம் எப்படி ஏறியிருக்கும் என்று எனக்குத் தெரியும் என்பதால் எல்லாவற்றையும் இரண்டு தரம் அலசிக் காயப்போட்டேன். கழுத்துப் பட்டையில் இருக்கும் லேபிள் பிஞ்சுத் தோலை அறுக்கும் என்று நூல் வெட்டும் ட்ரிம்மரால் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தேன். இதெல்லாம் நல்ல வேலைதான். ஆனால் துணியையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, அவசரம் என்றால் யாரைக் கூப்பிடுவது என்ற யோசனை வரவில்லை.

செக்கப்புக்குப் போனபோது ஆஸ்பத்திரி நர்ஸ் ஒன்று சொல்லியிருந்தார். சாப்பிட்ட பிறகு இடது பக்கமாகச் சாய்ந்து படுத்து, வயிற்றில் கை வைத்துக் குழந்தையின் அசைவைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு வழக்கம் இருக்கும், அந்த வழக்கத்தைவிடக் குறைந்தால் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காமல் உடனே வர வேண்டும். என் குழந்தைக்கு மதியச் சாப்பாடு ஆனதும்தான் கொண்டாட்டம். செக்கிங் மேசை விளிம்பில் வயிறு பட்டால்கூட உதைக்கும்.

ஒரு நாள் அந்த உதை வரவில்லை என்று பயந்து, பாதி வேலையில் பர்மிஷன் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வயிற்றில் பெல்ட் கட்டி, குழந்தையின் துடிப்பைப் பதியும் மெஷினில் காகிதம் நீளநீளமாக ஓட, எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்கள். கூச்சத்தோடு எழுந்தேன். நர்ஸ் கவனித்திருக்க வேண்டும்.

"நூறு தடவ வேணும்னாலும் வாங்க. ஒண்ணுமில்லைன்னு திரும்பிப் போறது நல்லதுதானுங்க."

ஆனால் கம்பெனியில் அப்படி யாரும் சொல்லவில்லை. முதல் குழந்தை என்றால் இப்படித்தான் ஆட்டம் காட்டுவார்கள் என்று சூப்பர்வைசர் சிரித்தார். பக்கத்து மேசைக்காரிகளும் கேலி செய்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குள் உட்கார்ந்துகொண்டது.

லீவு போட்டு வீட்டில் இருந்த ஒன்பதாம் மாதத்தில், ஒரு புதன்கிழமை. காலையிலிருந்தே வயிறு கனமாக, சும்மா இருந்தது. சாப்பிட்டுவிட்டு இடது பக்கம் படுத்தேன். எப்போதோ ஒருமுறை லேசாக ஒரு புரளல், அவ்வளவுதான். எழுந்து அறைக்குள் நடந்தேன். மறுபடி படுத்தேன். மடித்த துணியையே மறுபடி மடித்தேன். போகலாமா, திரும்பவும் ஒன்றுமில்லை என்று சொன்னால் என்ன செய்வது? இதே யோசனையில் பத்து மணி பன்னிரண்டாயிற்று.

வெளியே வந்தேன். முன்வீட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்கார அக்கா வெயிலில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தார். சொன்னேன்.

"ஒம்பதாம் மாசத்துல கொழந்தைக்கு எடம் பத்தாது கண்ணு. அசையாமத்தான் கெடக்கும். நீ கம்முனு போய்ப் படு."

அவர் இரண்டு பெற்றவர். தெரியாமலா சொல்வார் என்று உள்ளே போனேன். அரை மணி நேரம் தாங்கவில்லை. ஆஸ்பத்திரிச் செக்கப் பைலை எடுத்துக்கொண்டு கணவருக்குப் போன் போட்டேன். மெஷின் ஓடும் இடத்துக்குப் போன் கொண்டுபோகக் கூடாது, வாசல் லாக்கரிலேயே இருக்கும். மணி அடித்து அடித்து நின்றது. யூனிட் ஆபீஸ் நம்பரோ செக்யூரிட்டி நம்பரோ என்னிடம் இல்லை.

பைலோடு என்னைப் பார்த்ததும் அக்கா எழுந்தார்.

"எனக்கு மனசு கேக்கலக்கா. போய்ப் பாத்துட்டு வந்துருதேன்" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தார். "இரு, நானும் வாரன்" என்று கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் வந்து ஆட்டோவை நிறுத்தினார்.

வழியில் ஒரு கண்டெய்னர் லாரி குடோனுக்குள் ரிவர்ஸ் எடுத்து ரோட்டையே அடைத்துக்கொண்டு நின்றது. எனக்குக் கால் நிலைகொள்ளவில்லை, இறங்கி நடந்துவிடலாமா என்றிருந்தது. அக்கா இறங்கிப் போய் டிரைவரிடம், "ஏனுங்க, வண்டில புள்ளத்தாச்சி இருக்குதுங்க, கொஞ்சம் முன்னால எடுத்துக்குங்க" என்று கேட்டார். லாரி முன்னால் நகர்ந்தது.

இந்த முறை காகிதம் ஓடிக்கொண்டிருக்கும்போதே நர்ஸ் எழுந்து போய் டாக்டரைக் கூப்பிட்டார். பனிக்குட நீர் குறைந்துவிட்டது, இதயத்துடிப்பு அவ்வப்போது இறங்குகிறது, உடனே ஆபரேஷன் என்றார் டாக்டர். கையெழுத்தை நானே போட்டேன். சாட்சிக் கையெழுத்து அக்கா போட்டார், பேனா மேல் மிளகாய்ச் சிவப்பு. அக்கா யாருக்கோ போன் போட்டு, அவர் இன்னொருவருக்குப் போட்டு, எப்படியோ அந்த யூனிட் முதலாளி வரைக்கும் சேதி போயிருக்கிறது. தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு கணவர் வந்து சேர்ந்தபோது மகள் பிறந்திருந்தாள்.

சின்னவளாக இருந்தாள். மூச்சுத் திணறியதால் தனிப் பிரிவில் வைத்தார்கள். தையல் வலியோடு சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து போய்க் கண்ணாடி வழியாகப் பார்ப்பேன். படுக்கைக்குத் திரும்புவேன். படுக்க முடியாமல் மறுபடி போவேன். பால் பீய்ச்சிக் கொடுக்கச் சொன்னார்கள். முதலில் பஞ்சை நனைக்கும் அளவுகூட வரவில்லை. அதுவே போதும், அடிக்கடி எடுத்தால் ஊறும் என்றார் நர்ஸ். கொஞ்சம் கொஞ்சமாக, நான்காம் நாள் நன்றாக ஊறியது. பத்தாம் நாள் அவளைக் கையில் கொடுத்தார்கள். நேரத்தோடு வந்தீர்கள் என்று டாக்டர் சொன்னதும், பத்திலிருந்து பன்னிரண்டரை வரை நான் அறைக்குள் நடந்ததைப் பற்றி வாய் திறக்கவில்லை.

ஊரிலிருந்து வந்த அம்மாவிடம் அக்கா, தான் முதலில் படுக்கச் சொன்னதை மறைக்காமல் சொன்னார். சொல்லும்போது என் பக்கம் பார்க்கவில்லை. நான் அதை ஒருநாளும் அவரிடம் கேட்டதில்லை.

மகளுக்கு இப்போது மூன்று வயது. போன வாரம் கம்பெனியில் டிபன் நேரத்தில், பக்கத்து மேசைக்கு வந்திருக்கும் தாராபுரத்துப் பெண் என்னிடம் தொட்டில் வாங்கவா, மடக்குக் கொசுவலை வாங்கவா என்று கேட்டாள். அவளுக்கு ஏழாம் மாதம். பகலில் உன்னோடு வீட்டில் யார் இருப்பார்கள், வீட்டுக்காரரின் கம்பெனி செக்யூரிட்டி நம்பர் இருக்கிறதா, குழந்தை எப்போது அதிகம் அசைகிறது என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன்.

"ஏனுங்கக்கா இப்படிப் பயமுறுத்தறீங்க?"

அவள் முகம் சுருங்கியது. பேச்சை நிறுத்தி, கொசுவலையே வாங்கு, புதுசு என்றால் அலசிக் காயப்போட்டுவிடு என்றேன். அவள் டிபன் டப்பாவை மூடிவிட்டு, போனை எடுத்து வீட்டுக்காரரிடம் ஏதோ ஒரு நம்பர் கேட்டுக்கொண்டே கை கழுவப் போனாள்.