திரையில் இருந்த எண்

தையல்கடைக்கு மேலே இரண்டு அறை, மூன்று பேர். அதுதான் கம்பெனி. நூலகங்களில் புத்தகம் கொடுக்கல் வாங்கலுக்கு ஒரு மென்பொருள் செய்து, அதன் நிரலையும் சேர்த்து யார் கேட்டாலும் இலவசமாகக் கொடுத்தார்கள். நிறுவித் தருவது, சொல்லிக்கொடுப்பது, வருஷம் முழுக்கப் பார்த்துக்கொள்வது, இவற்றுக்குத்தான் கட்டணம். அங்கே தொலைபேசியைக் கவனித்துக்கொண்டவள் அவள். அவளுடைய கொழுந்தனுக்கு மட்டும் இது கடைசிவரை பிடிபடவில்லை. பார்க்கும்போதெல்லாம், "அண்ணி, உங்க ஓசி கம்பெனி இன்னும் ஓடுதா?" என்பான்.

அவள் பதினான்கு வருஷம் ஒரு நூலகத்தின் கவுண்டரில் இருந்தவள். திரை நின்றுபோய், எதிரே வரிசை நீண்டால் என்ன பாடு என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் சேர்ந்த முதல் வாரமே, கம்பெனியைத் தொடங்கி நிரலும் எழுதும் கண்ணாடிக்காரரிடம் பிடிவாதமாக நின்று, கோளாறு வந்தால் தோன்றும் திரையில் ஒரு வரி போட வைத்தாள்: 'பதறாதீர்கள். இந்த எண்ணுக்குப் பேசுங்கள்.' எண் அவள் மேசைத் தொலைபேசியுடையது. மூன்றாவது மணி அடிப்பதற்குள் எடுத்துவிடுவாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தால் இடது கையால்.

அப்புறம் ஒரு பெரிய நிறுவனம் வந்தது. அதே மென்பொருளை எடுத்து, நிறத்தை மாற்றி, தன் பெயரை ஒட்டி, பதினோரு நூலகம் உள்ள பல்கலைக்கழகத்தைத் தட்டிக்கொண்டு போனது. தப்பு சொல்ல முடியாது, உரிமத்தில் அதற்கு இடம் இருந்தது. ஆனால் கம்பெனியின் பாதிப் பிழைப்பே அந்தப் பல்கலைக்கழகம்தான். இனி தொலைபேசிக்கென்று ஓர் ஆளை வைத்திருக்க முடியாது. மாத முடிவு வரை பார்க்கலாம் என்றார் கண்ணாடிக்காரர், அவள் முகத்தைப் பார்க்காமல். பேசாமல், இனி யாருக்கும் கொடுக்காமல் நிரலைப் பூட்டிவிடலாமா என்றும் முனகினார்.

"காசு குடுக்க முடியாத பள்ளிக்கூடமெல்லாம் அதுலதான் ஓடுது, சார்."

சொல்லிவிட்டாளே தவிர, போகப்போவது அவள் வேலைதான்.

தேர்வு வாரம் வந்தது. திங்கட்கிழமை காலை பல்கலைக்கழகத்துக்குப் புதிதாக வந்திருந்த நூலகர் அம்மாள் கூப்பிட்டார். திரை நின்றுவிட்டதாம், எதிரே நூறு மாணவர்களாம். இந்த எண் எப்படிக் கிடைத்தது என்று கேட்டாள். திரையிலேயே போட்டிருக்கிறதே, பதறாதீர்கள் என்று, என்றார் அந்த அம்மாள்.

நிறத்தை மாற்றிய பெரிய நிறுவனத்தார் கண்ணில் கோளாறுத் திரையின் அந்த வரி மட்டும் படவில்லை. எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று தொலைபேசியை வைத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவளால் முடியவில்லை. "இடது ஓரத்துல என்ன எழுதியிருக்கு? அப்படியே படிங்கம்மா" என்றாள். ஆறு நிமிஷத்தில் வரிசை நகர்ந்தது. அதன் பிறகுதான், தான் அந்த நிறுவனத்து ஆள் இல்லை என்றாள்.

நூலகர் அம்மாள் அதைப் பொருட்படுத்தவில்லை. "அவங்க குடுத்த நம்பருக்கு ஒரு மணி நேரமா அடிச்சேன். பாட்டுதான் பாடுச்சு. மனுஷக் குரல்னு கேட்டது உங்களோடதுதான்."

அந்த வாரம் இன்னும் நான்கு முறை கூப்பிட்டார்கள். மாத முடிவுக்கு இரண்டு நாள் முன்பு பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. மென்பொருள் இரண்டு இடத்திலும் ஒன்றுதான், தொலைபேசியை எடுக்கிறவர் உங்களிடம்தான் இருக்கிறார், பராமரிப்பை நீங்களே பாருங்கள் என்று. கண்ணாடிக்காரர் அதை இரண்டு தடவை உரக்கப் படித்தார். அவள் பெருமையை மறைக்கவெல்லாம் இல்லை. ஒரு நகல் எடுத்து நேரே கொழுந்தனுக்கு அனுப்பினாள்.

பின்னாலேயே பெரிய நிறுவனத்திடமிருந்தும் ஒரு மடல். பொது நிரலிலிருந்து அந்த எண்ணை நீக்கித் தர முடியுமா என்று கேட்டிருந்தார்கள். என்ன எழுதுவது என்றார் கண்ணாடிக்காரர்.

"திறந்துதானே கிடக்கு சார், அவங்க பிரதியில அவங்களே நீக்கிக்கட்டும். அங்க அவங்க நம்பரையே போடட்டும். போட்டா, பதில் சொல்ல ஒரு ஆள் உக்காரணும்னு மட்டும் எழுதிடுங்க."

அதற்குள் தொலைபேசி அடித்தது. இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள்.