பிரேக் சரியில்லை என்று நான் சொன்ன வண்டி

எண்பதுகளின் தொடக்கத்தில் சங்கரன்கோவிலில், ஊனமுற்றோருக்கான ஒரு மறுவாழ்வு மையத்தில் ஆலோசகராக இருந்தேன். செயற்கைக் காலுக்கு அளவெடுக்க ஒருவர், காது மெஷின் மாட்டிவிட ஒருவர் என்று அங்கே ஆளுக்கொரு சாமான் உண்டு. எனக்கு வாய் மட்டும்தான். ஊரில் எனக்குப் 'பேசுத சார்வாள்' என்று பெயர். ரதவீதியில் பார்த்தால் ஊர்க்காரர்கள் மற்றவர்களை நிறுத்தி நலம் விசாரிப்பார்கள். என்னைக் கண்டால், இங்கேயும் பேச ஆரம்பித்துவிடுவாரோ என்று ஒதுங்கிப் போவார்கள். அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது என்பதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன்.

குருவிகுளம் ரோட்டில், டவுனிலிருந்து மூன்று மைல் தள்ளி ஒரு ஊர். அங்கே ஒரு பெண்ணைப் பார்க்க எட்டு மாதம் சனிக்கிழமை தவறாமல் சைக்கிளில் போனேன். சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இரண்டு காலும் சூம்பிப்போனவள். வீட்டுக்குள் தவழ்ந்துதான் நடமாட்டம். பெரியவளான பிறகு வாசலைத் தாண்டியதில்லை. எங்கள் மையத்தின் தையல் வகுப்பில் அவளுக்கு ஒரு இடம் பிடித்து வைத்திருந்தேன். வகுப்பை முடித்தால் கையால் சுற்றும் தையல் மெஷின் ஒன்றும் கொடுப்பார்கள். ஆனால் இருபத்தைந்து வயது ஆகிவிட்டால் சேர்க்க மாட்டார்கள். அவளுக்கு இருபத்துநாலு முடியப்போகிறது. ஆனியில் தொடங்கும் வகுப்பை விட்டால் வேறு வகுப்பு இல்லை.

தன்னம்பிக்கை, மனோதிடம் என்று படித்ததையெல்லாம் பேசிப் பார்த்தேன். அவள் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு "சரி சார்வாள்" என்பாள். அதோடு சரி.

ஒரு சனிக்கிழமை அந்த ஊர் எல்லையில் டயர் பஞ்சர். உள்ளூர் சைக்கிள் கடையில் விட்டுவிட்டு அவள் வீட்டுக்கு நடந்தேன். கடைக்காரர் பஞ்சர் ஒட்டி, சைக்கிளை அவள் வீட்டுக்கே உருட்டிக்கொண்டு வந்தார். கதவிடுக்கில் அவளைப் பார்த்தவர், கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ஏட்டி, ஒனக்கு எந்தக் கையில பெலம் கூட?"

"வலதுலதான் அண்ணாச்சி. நகரும்போது அதத்தான ஊணுதேன்."

"அப்போ பெடல வலப்பக்கம் வச்சிருவோம். கையால சுத்துனா ஓடுத மூணு சக்கர வண்டி, நான் செஞ்சு தாரேன். இங்கன இருந்து டவுனுக்கு நீயே போயிரலாம்."

"கவுந்துட்டுன்னா?"

"கவுந்தா மண்ணத் தட்டிட்டுத் திரும்ப ஏறு."

அவள் சிரித்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டாள். அதுவரை அவள் பல்லை நான் பார்த்ததில்லை. எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வயிறுதான் எரிந்தது. நோகாமல் நொங்கு தின்கிறாரே இந்த மனுஷன் என்று நினைத்தேன். எந்தக் கையில் பலம் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லையே என்பது அதைவிடச் சுட்டது. அவர் ஒட்டிய பஞ்சர் விட்டுப்போகாதா என்று பின் டயரைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வீடு வந்தேன். அது விடவில்லை.

பிறகு எப்போது போனாலும் அவர் பேச்சுதான். அண்ணாச்சி சீட்டுக்கு அளவெடுத்தாக, அண்ணாச்சி பின்னால ஒரு பெட்டி வைக்கப்போறாக. நான் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பேசுகிறவனுக்கு அங்கே பேச இடமில்லை.

வைகாசிக் கடைசியில் வண்டி தயாரானது. பழைய கேரியர் சைக்கிள் இரண்டை அறுத்து ஒட்டியிருந்தார். அவள் அப்பாவுக்குப் படித்தவன் ஒருவன் வாயால் கேட்டால்தான் நம்பிக்கை. என்னை வந்து பார்க்கச் சொன்னார். நான் ஏறி உட்கார்ந்து தெருக்கோடி வரை ஓட்டினேன். பிரேக்கைப் பிடித்தேன். பிடித்த இடத்தில் நின்றது.

"சார்வாள் சரின்னா நாளைக்கே இவள அனுப்பிருதேன்" என்றார் அப்பா.

அவள் வாசலில் உட்கார்ந்து கடைக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னை ஒரு தரம் பார்த்திருந்தால்கூட நான் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேனோ என்னவோ.

"பிரேக் சரியில்ல. பொம்பளப் பிள்ளைய இதுல ரோட்டுக்கு அனுப்பக் கூடாது. கவர்மென்ட் வண்டிக்கு எழுதிப் போடுதேன், பொறுங்க."

கடைக்காரர் சண்டை போட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "எதுல கோளாறுன்னு சொல்லுங்க சார்வாள், சரி பண்ணித் தாரேன்" என்று பிரேக் கம்பியைத் தடவித் தடவிப் பார்த்தார். அது உங்களுக்குப் புரியாது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

ஆனி வகுப்பு அவள் இல்லாமல் தொடங்கியது. அவள் இடத்தில் புளியங்குடியிலிருந்து ஒரு பெண் சேர்ந்தாள். அரசாங்க வண்டிக்கு அன்றைக்கே எழுதிப் போட்டேன், அதில் மட்டும் பொய் இல்லை. அது வந்து சேர ஒன்றரை வருடம் ஆயிற்று. அதற்குள் கடைக்காரர் தன் வண்டியைத் துண்டு துண்டாகக் கழற்றிப் போட்டுவிட்டாராம். நம்ம கைக்கு இது ஆகாது என்றாராம்.

புது வண்டியை வாங்க அவளை மாட்டுவண்டியில் மையத்துக்குக் கூட்டிவந்தார்கள். தூக்கி உட்கார வைத்ததும் அவள் என்னைத்தான் தேடினாள்.

"தையல் கிளாஸ் போச்சேன்னு மொதல்ல அழுதேன் சார்வாள். பெறகு அப்பா சொன்னாக, அந்த வண்டியில போயிருந்தா லாரியில அடிபட்டுச் செத்திருப்ப, சார்வாள்தான் ஒன் உசிரக் காப்பாத்துனாகன்னு. சைக்கிள் கடை அண்ணாச்சியும் அதத்தான் சொல்லுதாக."

எட்டு மாதம் அந்தப் பார்வைக்குத்தான் நான் ஏங்கினேன். அன்றைக்கு அது முழுசாக என்மேல் இருந்தது. அந்த பிரேக் நன்றாகத்தான் இருந்தது என்று சொல்ல வாயைத் திறந்தேன். "பாத்துப் போம்மா" என்றுதான் வந்தது.