மீட்டர் போடாத சுற்று

சனிக்கிழமை சாயங்காலமானால் இன்றும் என் காது போனைத் தேடும். எடுத்தால் என் கணவர் ஒரே ஒரு சொல்தான் சொல்வார்: "எந்திரிச்சிட்டேன்." சீட்டாட்ட மேஜையில் ஆபத்தான சுற்று வந்துவிட்டது, மனுஷன் நாற்காலியை விட்டு எழுந்து வெளியே வந்து நிற்கிறார் என்று அர்த்தம். அவர் போய் ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. பாத்திரம் தேய்க்கும்போதும், லிவர்மோர் மலைமேல் கார் ஓட்டும்போதும் அந்தச் சொல் பக்கத்தில் கேட்கிறது. பேய் பிசாசை நம்புகிறவள் இல்லை நான். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்க்கிறேன்.

போக்கர் என்றால் ஒரே ஆட்டம் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் ஆடியது சான் ஹோசேயில் ஒரு கார்டு ரூமில், பெரிய பணம் புழங்கும் மேஜையில். அங்கே ஆளுக்கொரு தடவை சீட்டுப் போட்டு ஒரு சுற்று முடிந்தால் அடுத்த ஆட்டம். சீட்டுப் போடும் டீலர் மேஜைமேல் இருக்கும் பலகையை மாற்றி வைப்பார். ஆட்டம் மாறினால் பந்தயம் கட்டும் முறையும் மாறும். அதை எனக்குச் சமையல் மேடையில் கொண்டைக்கடலையைப் பரப்பி விளக்கினார்.

"லிமிட்னா மீட்டர் ஆட்டோ. ஒரு தடவைக்கு இவ்ளோதான் வெக்கலாம். கடைசிச் சீட்டுங்க வரப்ப அது டபுள், அத்தோட சரி. எத்தன தடவ ஏத்தலாம்னும் கணக்கு இருக்கு. பாட் லிமிட்னா நடுவுல எவ்ளோ குமிஞ்சிருக்கோ, அந்த அளவுக்கு ஏத்தலாம்."

"நோ லிமிட்?"

"மீட்டர் போடாத ஆட்டோ. முன்னாடி வெச்சிருக்கற மொத்தத்தையும் ஒரே தள்ளா தள்ளலாம்."

அப்படி ஒரே தள்ளில்தான் வீடு வாங்கச் சேர்த்து வைத்திருந்தது போயிற்று. அன்று நான் ஆடிய ஆட்டம் இருக்கிறதே! லிவர்மோர் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனேன். வீட்டில் சூடம் ஏற்றினால் ஸ்மோக் அலாரம் ஊரைக் கூட்டிவிடும். அதனால் கோயில் பார்க்கிங் லாட்டில், காருக்குப் பின்னால், காற்றுக்கு என் முந்தானையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு, "அடிங்க சூடத்த. மீட்டர் இல்லாத சுத்துல ஒரு பைசா வெக்க மாட்டேன்னு சொல்லுங்க" என்றேன். அடித்தார். சொன்னார்.

அந்த ஒரு ஆட்டம் இல்லாத மேஜையாகப் பார்த்துப் போங்களேன் என்று கேட்டேன். "அப்படி மேஜை சேராதுடி. எந்தெந்த ஆட்டம்னு எல்லாருமா ஒத்துக்கிட்டு ஆடறது. அத எடுத்துட்டா பாதிப் பேர் வரவே மாட்டாங்க" என்றார். கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம்: அந்தச் சுற்று வந்தால் அவர் எழுந்து வெளியே போய் எனக்குப் போன் பண்ண வேண்டும். மேஜைக்காரர்கள் முதலில் முணுமுணுத்தார்கள், பிறகு அதற்கு 'விரதம்' என்று பெயர் வைத்துக் கிண்டலடித்தார்கள். இவரும் சிரித்துக்கொண்டே எழுந்து வருவார்.

அந்தச் சனிக்கிழமை போன் வரவில்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உட்கார்ந்துவிட்டார், சத்தியத்தைக் காற்றில் விட்டுவிட்டார், வீட்டுக்கு வரட்டும் வைத்துக்கொள்கிறேன் என்று கறுவிக்கொண்டே துணி மடித்தேன். அடுத்து வந்த போன் ஆஸ்பத்திரியிலிருந்து. மேஜையிலேயே சாய்ந்துவிட்டாராம். மாரடைப்பு.

சூடத்தை அடித்துச் செய்த சத்தியத்தை மீறினால் சாமி சும்மா விடாது என்பார்கள் எங்கள் பக்கம். அடிக்க வைத்தவள் நான்தானே? என் சத்தியம்தான் அவரைக் கொண்டுபோய்விட்டது என்று நெஞ்சுக்குள் ஏதோ அறுத்துக்கொண்டே இருந்தது. "மாம், இட் வாஸ் ஹிஸ் ஹார்ட்" என்றாள் மகள். இங்கே பிறந்தவள், அவளுக்கு அவ்வளவுதான். எனக்கு ஒன்று மட்டும் தெரிந்தாக வேண்டியிருந்தது: அன்றைக்கு அவர் பணம் வைத்தாரா, இல்லையா?

தெரிந்த ஒரே ஆள், அவருக்குப் பக்கத்து நாற்காலியில் ஆடும் ஈரோட்டுத் தம்பி. அவரோ வருஷம் முழுக்க என் கண்ணில் படாமல் நழுவிக்கொண்டிருந்தார். முதல் திதிக்கு வராமல் இருக்க முடியவில்லை. சாப்பாடு முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தவரை மடக்கினேன்.

"தம்பி, மழுப்பாம சொல்லுங்க. அன்னிக்கு அந்தச் சுத்துல அவர் உக்காந்துட்டாரா?"

துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "ஆமாங்க அண்ணி. எந்திரிக்கல."

"பணம் வெச்சாரா?"

"முறை வந்தப்ப பிளைண்ட் போட்டாருங்க. உக்காந்திருந்தா அது கட்டியே ஆகோணும், சீட்டுப் போடறதுக்கு முன்னாடியே. அது பந்தயத்துல சேராது. மத்தபடி ஒரு டாலர் வெக்கலீங்க. வந்த சீட்டெல்லாம் ஆடாம மடிச்சுட்டாரு."

"என் மனசு ஆறட்டும்னு சொல்றீங்களா?"

"சத்தியமாங்க. ஒரு தடவ ரெண்டு ஏஸ் வந்துச்சு. அவர் தள்ளறப்ப சீட்டு மலந்திருச்சு, எல்லாரும் பாத்தோம். அதுக்கு மேல நல்ல சீட்டு அந்த ஆட்டத்துலயே கெடையாதுங்க. அதையும் மடிச்சுட்டாரு."

அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். சாமி கொல்லவில்லை. நான் கொல்லவில்லை. அந்த மகராசன் சொன்ன சொல்லைக் கடைசிவரை காப்பாற்றியிருக்கிறார், நான்தான் பாவி சந்தேகப்பட்டுவிட்டேன்.

"அப்பறம் ஏன் எந்திரிக்கல?"

"முடியல போலங்க. முகமெல்லாம் வேர்த்திருந்துச்சு. ஏசி சரியில்லைன்னு நெனச்சோம்." என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். என்னைத் தேற்ற வேண்டும் என்று அவருக்குத் தவிப்பு. "எங்க எல்லாருக்கும் அண்ணன் மேல அவ்ளோ மரியாதைங்க. ஏஸ மடிக்கறவன் உலகத்துலயே கெடையாது. வேற யாராச்சும் மடிச்சிருந்தா, என்னாச்சு, ஒடம்பு கிடம்பு சரியில்லையான்னு மேஜையே எந்திரிச்சிருக்கும். அண்ணனுக்குத்தான் விரதமாச்சே, இன்னிக்கு உக்காந்தே இருக்காருன்னு விட்டுட்டோம், யாரும் ஒண்ணும் கேக்கல."

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். என் அழுகை அப்படியே நின்றுபோனது.