பதினொரு மரங்களுக்கு வெள்ளைப் பெயின்ட்

காட்டுயிர்களுக்கு மனிதனால் வரும் ஆபத்துகள் எங்கள் பாடத்தில் நான்கு. மரம் வெட்டுதல், தீ வைத்தல், வேட்டையாடுதல், சாலை போடுதல். மேலே ஒரு படம், அருவியும் யானையுமாக. பரளச்சிப் பக்கம், ஜன்னலைத் திறந்தால் சீமைக்கருவேலம் மட்டுமே தெரிகிற ஒரு பள்ளிக்கூடத்தில், அந்தப் படத்தை வைத்துக்கொண்டு நான் என்னத்தைச் சொல்லிக்கொடுக்க?

"டீச்சர், எங்கப்பா கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுறாக. அவுகளும் ஆபத்தா?" என்றாள் முதல் பெஞ்சுக்காரி. கேள்வி கேட்பதற்கென்றே பிறந்தவள்.

"உங்கப்பாவை யாரு சொன்னா? பேசாம உக்காரு" என்று எரிந்து விழுந்தேன். வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் மனசு கேட்கவில்லை. அவள் கேட்டதில் என்ன தப்பு?

கண்மாய்க் கரையின் கடைசியில், கருவேலம் விழுங்கியது போக, வன்னியும் உசிலையும் மஞ்சணத்தியுமாக நம்மூர் மரங்கள் பதினொன்று மிஞ்சியிருந்தன. இதுதான் நமக்குக் காடு என்று எட்டாம் வகுப்பை அங்கே கூட்டிப்போனேன். ஆளுக்கொரு மரம் என்று பிரித்துக் கொடுத்தேன். எது யாருடையது என்று குழம்பிவிடக் கூடாதே என்று, அருப்புக்கோட்டையில் வெள்ளைப் பெயின்ட் வாங்கி வந்து, என் கையாலேயே ஒன்று முதல் பதினொன்று வரை அடிமரத்தில் எழுதினேன். எந்த மரத்தில் என்ன பூச்சி, என்ன பறவை என்று பிள்ளைகள் நோட்டில் எழுதவேண்டும்.

முதல் பெஞ்சுக்காரிக்கு ஏழாம் நம்பர் உசிலை. அதில் கரிச்சான் குருவி கூடு கட்டியிருந்தது. தினமும் காலையில் என் மேஜைக்கு வந்து நிற்பாள். "மூணு முட்டை டீச்சர்." "குஞ்சு பொரிச்சிருச்சு டீச்சர்." ஒரு வெள்ளிக்கிழமை, "ரெக்கை முளைச்சிருச்சு. அடுத்த வாரம் பறந்துரும் டீச்சர்" என்றாள்.

திங்கட்கிழமை போனால் கரை மொட்டையாகக் கிடந்தது. கண்மாய்க் கருவேலத்தை ஏலம் எடுத்தவரின் ஆட்கள், பதினொன்றையும் சேர்த்துத் துண்டு போட்டு அடுக்கியிருந்தார்கள். அரிவாளோடு முன்னால் நின்றவர் அவளுடைய அப்பா. அவள் உசிலைக் கிளைகளுக்குள் தேடிக்கொண்டிருந்தாள்.

"அறிவிருக்காய்யா உங்களுக்கு? கருவேலத்துக்கு வந்தவுக இதை எதுக்கு வெட்டுனீக?" என்று கத்தினேன்.

அவர் திகைத்துப்போனார். "நம்பரு போட்டிருந்துச்சே டீச்சர்! நம்பரு போட்டா அது ஏலத்துல போன மரம்ல? நம்பரு இல்லாத நாட்டு மரத்துல நாங்க கையே வைக்க மாட்டோம். எந்தப் பாவி போட்டானோ."

நாசமாய்ப் போன என் புத்தி! இந்த ஊர்ப்பக்கம் எத்தனை ஏலத்தைப் பார்த்திருக்கிறேன், எத்தனை புளியமரத்தில் அந்த வெள்ளை நம்பரைப் பார்த்திருக்கிறேன். எழுதும்போது ஒருதரமாவது உறைத்ததா? "நான்தான் போட்டேன்" என்றேன். அவர் அரிவாளைக் கீழே வைத்தார். மகள் கிளைகளை விட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் காலையில் என் மேஜைக்கு வரவில்லை. வகுப்பில் கேள்வியும் கேட்கவில்லை.

அரையாண்டுத் தேர்வில் அந்தக் கேள்வி வந்தது. நான்கு ஆபத்துகளை எழுதுக. தீ வைத்தல், வேட்டையாடுதல், சாலை போடுதல் என்று எழுதியிருந்தாள். மரம் வெட்டுதலை மட்டும் எழுதவில்லை. அந்த இடத்தில், முதல் வரியில், "மரத்துக்கு நம்பர் போடுதல்" என்று இருந்தது.

முழு மார்க் போட்டேன்.